கண்டியின் கடைசி ராஜாவை மலையகம் மேடையேற்ற வேண்டும்

1623ஆம் ஆண்டு அச்சான ஷேக்ஸ்பியரின் முதல் தொகுப்பில் பத்து நாடகங்கள் தனியாகச் 'சரித்திரங்கள்' என்று வகைப்படுத்தப்பட்டிருக்கின்றன. பத்தும் இங்கிலாந்து ராஜாக்களைப் பற்றியவை. தமிழ் மேடை ஷேக்ஸ்பியரை ஆர்வத்தோடு வரவேற்ற மேடைதான். பம்மல் சம்பந்த முதலியார் ஹாம்லெட்டை 'அமலாதித்யன்' ஆக்கினார், மக்பெத்தை 'மகபதி' ஆக்கினார், வெனிஸ் வணிகனை 'வாணீபுர வணிகன்' ஆக்கினார். அரண்மனையும் கொலையும் காதலும் வழக்கும் நமக்கு வந்து சேர்ந்தன. ஆனால் இங்கிலாந்தின் ரிச்சர்டுகளும் ஹென்றிகளும் நம் பக்கம் அவ்வளவாக வரவில்லை. வேற்று நாட்டு அரண்மனைச் சண்டையில் நமக்கென்ன என்று விட்டிருக்கலாம். அது நியாயமான காரணம்தான். ஆனால் அந்தப் பத்து நாடகங்களுக்குள் மலையகத் தமிழருக்கு நேரடியாக உதவக்கூடிய ஒரு பாடம் இருக்கிறது. அதைக் கற்றுக்கொண்டு நாம் எழுத வேண்டிய நாடகம் இங்கிலாந்து ராஜாவைப் பற்றியது அல்ல. 1815இல் இங்கிலாந்து ராஜாவுக்காக அரியணையிலிருந்து இறக்கப்பட்ட கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனைப் பற்றியது.

ஷேக்ஸ்பியர் இரண்டு ரிச்சர்டுகளை எழுதினார். மூன்றாம் ரிச்சர்ட் கூனன், பிள்ளைக் கொலைகாரன், மேடையில் கால்வைத்த கணத்திலிருந்து கொடியவன். 1485இல் பொஸ்வர்த் களத்தில் அவனைக் கொன்று அரியணை ஏறிய டியூடர் வம்ச அரசனின் பேத்திதான் ஷேக்ஸ்பியர் காலத்து ராணி எலிசபெத். அந்த வம்சத்தின் நிழலில் எழுதப்பட்ட வரலாறுகளை வைத்தே அவர் அந்த நாடகத்தை எழுதினார். 2012இல் லெஸ்டர் நகரத்து வாகனத் தரிப்பிடம் ஒன்றின் அடியில் ரிச்சர்டின் எலும்புக்கூட்டைத் தோண்டி எடுத்தபோது முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்தது உண்மை என்று தெரிந்தது. மேடையில் நாம் காணும் கூனும் சூம்பிய கையும் அந்த எலும்பில் இல்லை. ஓர் உடற்குறையை எடுத்து அசுரனாக ஊதிப் பெருக்கியிருந்தார்கள். இரண்டாம் ரிச்சர்ட் வேறு மாதிரி. முதல் பாதியில் அவன் நமக்குப் பிடிக்காதவன். முகஸ்துதிக்கு மயங்குகிறான், செத்துக்கொண்டிருக்கும் சிற்றப்பனைக் கேலி செய்கிறான், அவர் கண்மூடியதும் அயர்லாந்துப் போருக்குக் காசு வேண்டுமென்று அவருடைய சொத்தை அள்ளிக்கொள்கிறான். பிறகு அவனுடைய கிரீடம் பறிபோகிறது. தன் கையாலேயே கிரீடத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, கண்ணாடி ஒன்றைக் கேட்டு வாங்கித் தன் முகத்தைப் பார்த்து அதை உடைக்கும்போது, அதே மனிதனுக்காக நம் தொண்டை அடைக்கிறது. அவன் செய்த தவறு எதையும் ஷேக்ஸ்பியர் மறைக்கவில்லை. அவனுக்குச் செய்யப்பட்ட தவறையும் மறைக்கவில்லை.

கண்டி ராஜாவுக்கு இருநூறு ஆண்டுகளாகக் கிடைத்துவந்தது மூன்றாம் ரிச்சர்டின் நாடகம் என்பதே என் வாதம். இனி அவனுக்கு இரண்டாம் ரிச்சர்டின் நாடகம் வேண்டும். அதை எழுதப் பொருத்தமானவர்கள் தேயிலைத் தோட்டத்து மக்கள்.

சிங்கள மேடை இந்தக் கதையை விடவே இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்ககால நாடகம (கூத்து போன்ற சிங்கள நாடக வடிவம்) ஆசிரியர் பிலிப்பு சிங்ஞோவின் பெயரில் 'எஹலபொல நாடகம' வழங்குகிறது. 1906இல் ஜோன் டி சில்வா 'ஸ்ரீ விக்கிரம' நாடகத்தை எழுதினார். நாட்டின் நினைவில் எல்லாவற்றையும் விட ஆழமாகப் பதிந்திருப்பது ஒரே காட்சி. ஆங்கிலேயரோடு தொடர்பு வைத்து ஓடிப்போன அதிகாரம் (தலைமை அமைச்சர்) எஹலபொலவின் மனைவியும் பிள்ளைகளும் 1814இல் கண்டியில் கொல்லப்பட்ட காட்சி அது. அண்ணன் தயங்க, தம்பி மத்தும பண்டார முன்வந்து கழுத்தை நீட்டினான் என்ற கதையைப் பாடசாலைப் பிள்ளைகள் எல்லாரும் படிக்கிறார்கள். அந்தக் கொலை கொடியது. அதை நியாயப்படுத்துவதற்காக நான் எழுதவில்லை. ஆனால் அந்தக் காட்சியை உலகெங்கும் கொண்டுபோனவர்கள் யார் என்று பார்க்க வேண்டாமா? கண்டியைப் பிடிக்கக் காரணம் தேடிக்கொண்டிருந்த தேசாதிபதி பிரவுன்ரிக்குக்கு, குடிகளைக் கொடுங்கோலனிடமிருந்து மீட்கப் போகிறோம் என்று சொல்ல அந்தக் கதை கைகொடுத்தது. மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர 2017இல் வெளியிட்ட தமது நூலில், இந்த அரசனின் கொடூர உருவத்தில் ஆங்கிலேயப் பிரச்சாரத்துக்கு எவ்வளவு பங்கு உண்டு என்பதை விரிவாக எடுத்துக் காட்டினார். மூன்றாம் ரிச்சர்டுக்கு டியூடர்கள் செய்ததும் இதுதான். அரியணையை எடுத்தவர்கள், எடுத்தது சரி என்று காட்ட இறங்கியவனை அசுரனாக வரைந்தார்கள்.

அந்தச் சித்திரத்துக்கு அப்பால் பார்த்தால் எவ்வளவு பெரிய நாடகம் கிடக்கிறது! 1739இலிருந்து கண்டியை ஆண்ட நாயக்கர் வழியில் நான்காவது அரசன் இவன். கண்ணுசாமி என்ற இளைஞனை 1798இல் அரியணையில் ஏற்றியவன் முதல் அதிகாரம் பிலிமத்தலாவ. கையில் பொம்மை ஒன்று இருந்தால் ஆட்சி தன்னுடையது என்ற கணக்கு அவனுக்கு. அந்தக் கணக்கை வைத்துக்கொண்டே அவன் தேசாதிபதி நோர்த்துடன் இரகசியப் பேச்சு நடத்தினான். 1803இல் ஆங்கிலப் படை கண்டிக்குள் நுழைந்து, முத்துசாமி என்ற இன்னொரு நாயக்கனை ராஜாவாக உட்கார வைத்தது. சில மாதங்களில் அந்தப் படை அழிந்தது. முத்துசாமி கொல்லப்பட்டான். பொம்மையாக இருக்க மறுத்த ராஜா வளர்ந்து, தன்னை ஏற்றியவனையே பிற்பாடு சதிக் குற்றத்துக்காகக் கொன்றான். ஏரி வெட்டினான், எண்கோண மண்டபம் எழுப்பினான், அதற்காகக் குடிகளைக் கசக்கினான், ஒவ்வொரு பிரதானியையும் சந்தேகித்தான். மறுபக்கம் ஜோன் டொய்லி என்ற கேம்பிரிட்ஜ் பட்டதாரி சிங்களம் கற்று, ஒற்றர்களையும் பிக்குகளையும் வியாபாரிகளையும் வைத்து அரண்மனைச் செய்திகளைக் குறித்துக்கொண்டிருந்தார். 1815 பெப்ரவரியில் படைகள் வந்தபோது பெரிய போர் எதுவும் நடக்கவில்லை. மெதமஹநுவரப் பக்கத்தில் 18ஆம் தேதி ராஜா பிடிபட்டான். மார்ச் 2ஆம் தேதி கண்டி அரசவை மண்டபமான மகுல் மடுவவில் ஒப்பந்தம் வாசிக்கப்பட்டது. ஒப்பமிட்ட பிரதானிகளில் சிலர் தமிழ் எழுத்திலேயே கையெழுத்து வைத்திருக்கிறார்கள். அந்தச் சபை எப்படிப்பட்டது என்று சொல்ல இது ஒன்றே போதும்.

'அந்நிய ராஜாவைக் குடிகள் வெறுத்து விரட்டினார்கள்' என்ற கதைக்குப் பெரிய சிக்கல் 1817இல் வருகிறது. ஊவாவில் தொடங்கிய கிளர்ச்சியில் மக்கள் யாரை ராஜாவாக ஏற்று எழுந்தார்கள் தெரியுமா? தன்னை துரைசாமி என்றும், இறக்கப்பட்ட ராஜாவின் உறவினன் என்றும் சொல்லிக்கொண்ட ஒருவனை! உண்மையில் அவன் வில்பாவ என்ற சிங்கள மனிதன். இரண்டே ஆண்டுகளுக்கு முன் விரட்டிய வம்சத்தின் பெயரைச் சொல்லித்தான் அவனால் மக்களைத் திரட்ட முடிந்தது. இறக்கப்பட்ட இரண்டாம் ரிச்சர்டின் பெயரும் இங்கிலாந்தில் அப்படித்தான் அடுத்த அரசனைத் துரத்தியது. ஷேக்ஸ்பியர் அதை வைத்து அடுத்தடுத்த நாடகங்களை எழுதினார். கண்டிக் கதையில் அந்த இரண்டாவது நாடகத்தைத் தமிழில் யார் எழுதப் போகிறார்கள்?

மலையகத்தார் எழுதட்டும் என்று ஏன் சொல்கிறேன்? அந்த ஒப்பந்தம் 'மலபார்' இனத்தாருக்குக் கண்டி ராச்சியத்தின் மீது இருந்த உரிமை முற்றாக ஒழிந்தது என்று அறிவித்தது. ராஜாவின் ஆண் உறவினர்கள் கண்டிச் சீமைக்குள் கால்வைக்கக் கூடாது என்று தடையும் போட்டது. 'மலபார்' என்பது ஆங்கிலேயர் அன்று தமிழரைக் குறித்த பெயர். சுமார் எட்டு ஆண்டுகள் கழித்து, 1823ஐ ஒட்டி, கம்பளைப் பக்கத்தில் முதல் கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. அதே அரசாங்கத்தின் காலத்தில் அதே 'மலபார்' மக்கள் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே கண்டிச் சீமைக்கு நடந்தார்கள். ஆள வந்தவனுக்குத் தடை, உழைக்க வந்தவனுக்குத் திறந்த வழி. அந்த வருடங்களில் ராஜா எங்கே இருந்தான்? 1816 ஜனவரியில் கப்பலேற்றப்பட்டு வேலூர்க் கோட்டையில் சிறையிருந்தான். 1832 ஜனவரி 30ஆம் தேதி அங்கேயே இறந்தான். கண்டியின் ராஜா தமிழ்நாட்டில் கைதி, தமிழ்நாட்டின் குடியானவன் கண்டியில் கூலி. இரண்டையும் நடத்தியது ஒரே பேரரசு.

நிலத்தின் கதையும் அங்கேதான் தொடங்குகிறது. ராஜா போனதும் ராச்சியம் இங்கிலாந்து மூன்றாம் ஜோர்ஜின் உடைமையானது. 1840இல் வந்த கட்டளைச் சட்டம், உரிமை நிரூபிக்கப்படாத காட்டையும் தரிசையும் முடிக்குரிய நிலம் என்று கொள்ள வழிசெய்தது. அந்த நிலம் தோட்டக்காரர்களுக்கு மலிவாகப் போனது. நுவரெலியா மாவட்டத்து ஹங்குராங்கெத்தவில் கண்டி அரசர்களுக்கு ஆபத்துக் காலத்தில் ஒதுங்கும் அரண்மனை இருந்தது. அங்கிருந்து மலைவழியில் அதிகத் தூரமில்லை, 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்ட லூல்கந்துர. ராஜா ஒளிந்த மலையும் முதல் கொழுந்து பறித்த மலையும் ஒரே மலைத்தொடர்தான். 1815 நடந்திராவிட்டால் தொழிலாளர் லயம் இல்லை, காலைப் பெரட்டு இல்லை. அந்த மகுல் மடுவக் காட்சி தோட்டத்து வரலாற்றின் முதல் அங்கம்.

இரண்டாம் ரிச்சர்டில் ஒரு சிறிய காட்சி இருக்கிறது. அரண்மனைத் தோட்டத்தில் தோட்டக்காரனும் அவனுடைய ஆட்களும் வேலை செய்கிறார்கள். ராணி மறைந்து நின்று கேட்கிறாள். களை பிடுங்கியபடி, கொடி கட்டியபடி அவர்கள் நாட்டைப் பற்றிப் பேசுகிறார்கள். மிஞ்சி வளரும் கிளையை நாங்கள் வெட்டுகிறோம், ராஜா தன் பிரதானிகளை நேரத்துக்கு வெட்டியிருந்தால் கிரீடம் தங்கியிருக்கும் என்பது தலைத்தோட்டக்காரனின் கணிப்பு. பிரபுக்களே நிறைந்த அந்த நாடகத்தில் அரசியலை மிகத் தெளிவாக அறிந்தவர்கள் இந்தக் கூலிக்காரர்கள். ராணிக்கே தெரியாத செய்தி, ராஜா இறக்கப்படப் போகிறான் என்பது, அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. இந்தக் காட்சியை ஹட்டனிலோ தலவாக்கலையிலோ போட்டுப் பாருங்கள். கவ்வாத்து வெட்டுவது என்னவென்று கையால் அறிந்த பார்வையாளர்கள் உலகில் வேறு எங்கே இவ்வளவு பேர் கூடுவார்கள்? எந்தக் கிளையை விட வேண்டும், எந்த உயரத்தில் வெட்ட வேண்டும், ஆழமாக வெட்டினால் செடி எத்தனை மாதம் கொழுந்து தராது என்பதெல்லாம் அவர்களுக்குப் பாடம் அல்ல, வாழ்க்கை. லண்டன் ரசிகனுக்கு உருவகமாகத் தெரிகிற வசனம் இங்கே வேலைப் பேச்சாகவே ஒலிக்கும். கண்டி ராஜா தன் அதிகாரங்களை வெட்டியபோது செடியையே வெட்டிவிட்டானா என்ற கேள்வியை அந்த மக்கள்தான் சரியான தொனியில் கேட்க முடியும்.

எதிர்வாதங்கள் இருக்கின்றன, அவை இலேசானவை அல்ல. முதலாவது, அவன் நம் ராஜா இல்லையே என்பது. உண்மை. நாயக்கர் குலத்தவன், பௌத்த விகாரைகளைப் போற்றிய கண்டி அரசன். நம் முன்னோர் வந்தபோது அவன் போய்விட்டான். 'கடைசித் தமிழ் மன்னன்' என்று அவனைச் சொந்தம் கொண்டாடுவோரும் உண்டு. வேலூரில் பாலாற்றங்கரைச் சமாதியில் தமிழ்நாட்டு அரசு 1990இல் முத்து மண்டபம் எழுப்பியது. நான் கேட்பது அந்த உரிமை கொண்டாடல் இல்லை. அவன் நமக்குச் சொந்தக்காரன் இல்லை என்பதே நமக்குள்ள வசதி. அவனை வெள்ளையடிக்க வேண்டிய கடமை நமக்கு இல்லை, அவன்மேல் பழி போட்டு நம் நாற்காலியைக் காப்பாற்ற வேண்டிய தேவையும் இல்லை. கண்டிப் பிரதானிகளின் வழிவந்தோருக்கும் ஆங்கிலேயருக்கும் இல்லாத சுதந்திரம் இது. ஷேக்ஸ்பியரும் ரிச்சர்டின் குலத்தவர் இல்லை, ஒரு கையுறைக்காரரின் மகன்.

இரண்டாவது எதிர்வாதம் கனமானது. இந்த நாட்டில் ராஜா கதை இனத் தீயில் எண்ணெய் ஊற்றும் என்பார்கள். ஷேக்ஸ்பியர் காலத்திலும் இந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. 1601 பெப்ரவரி 7ஆம் தேதி, எசெக்ஸ் பிரபுவின் ஆட்கள் நாடகக் கம்பனிக்கு நாற்பது சிலிங் கூடுதலாகக் கொடுத்து, ராஜா ரிச்சர்ட் இறக்கப்படும் நாடகம் ஒன்றைப் போட வைத்தார்கள். அது ஷேக்ஸ்பியருடையதே என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. மறுநாள் ராணிக்கு எதிராக எழுந்தார்கள், தோற்றார்கள், எசெக்ஸ் தலை போனது. ராணி உயிரோடு இருந்தவரை அச்சான பதிப்புகளில் முடி துறக்கும் காட்சியே இல்லை. ஆகவே பயப்படுகிறவர்கள் காரணம் இல்லாமல் பயப்படவில்லை. ஆனாலும் என் பதில் இதுதான்: தீ ஏற்கெனவே எரிகிறது, அதற்கு விறகு இந்த ராஜாவைப் பற்றிய பாதிக் கதைகள். 1948 பெப்ரவரி 4ஆம் தேதி சுதந்திர இலங்கையில் ஏறிய சிங்கக்கொடி எது? ஈ.டபிள்யூ. பெரேரா இங்கிலாந்தில் செல்சி மருத்துவமனையில் கண்டெடுத்து, ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் கொடி என்று அடையாளம் காட்டியதுதான். வேலூரில் கைதியாக இறந்த நாயக்கனின் கொடியை ஏற்றிய அதே ஆண்டில்தான், 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. இந்த இரண்டு உண்மைகளையும் ஒரே மேடையில் அடுத்தடுத்து வைத்தால், சிங்களப் பார்வையாளரும் தமிழ்ப் பார்வையாளரும் தாங்கள் கேட்டு வளர்ந்த கதையைச் சற்று நிறுத்திப் பார்ப்பார்கள் என்று நம்புகிறேன். வில்பாவ துரைசாமியான கதையும் அங்கே வரட்டும். தனிச் சிங்கள ராஜா, தனித் தமிழ் ராஜா என்ற இரண்டு பேச்சையும் அந்த ஒருவனே குலைத்துவிடுகிறான்.

சம்பளத்துக்குப் போராடும் மக்களுக்கு அரண்மனை நாடகம் எதற்கு என்பது மூன்றாவது. இதைக் கேட்பவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. அந்தனி ஜீவா போன்றவர்கள் வீதிக்கு நாடகத்தைக் கொண்டுபோய்த் தோட்டத்துப் பிரச்சினைகளைப் பேசிய வழி நிற்கக் கூடாது. ஆனால் இரண்டாம் ரிச்சர்டில் சாகக்கிடக்கும் சிற்றப்பன் கோண்ட் பிரபுவின் குமுறல் என்ன? நாட்டைக் குத்தகைக்கு விட்டுவிட்டாயே, நீ இப்போது ராஜா இல்லை, நிலக்காரன் மட்டுமே என்பதுதான். 1992இல் தோட்ட நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் போய், நிலம் நீண்டகாலக் குத்தகையில் கிடக்கும் மலையகத்தில் அந்தக் குமுறல் யாருக்கு விளங்காது? வீடு கட்ட ஏழு பேர்ச் நிலத்துக்கு ஒருவன் மனுக் கொடுக்கிறான் என்றால், அவன் 1815இல் கைமாறிய நிலத்தின் ஒரு துண்டைக் கேட்கிறான். சம்பளப் பேச்சு நாள்கணக்கை மட்டும் பேசும். நிலம் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று கேட்க அரண்மனைக்குள் போகத்தான் வேண்டும்.

வடிவம் பற்றிய சந்தேகம் எனக்கு அதிகம் இல்லை. மாசியில் கம்பம் நட்டு, காமன் பொட்டலில் தப்புச் சத்தத்தோடு ரதியும் மதனும் ஆடும் மக்களுக்கு இரவெல்லாம் ஒரு கதையோடு இருக்கத் தெரியும். பொன்னர் சங்கர் பார்ப்பவர்களுக்கு ராஜாவும் துரோகமும் புதிதல்ல. தமிழ்நாட்டில் காமன் பண்டிகையோடு சேர்ந்த லாவணியில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரண்டு பக்கம் பிரிந்து பாடுவார்கள். ராஜா கொடியவன் என்று ஒரு கட்சியும், கொடியவனாக்கப்பட்டான் என்று மறு கட்சியும் பாடினால் இரண்டாம் ரிச்சர்டின் நியாயம் தமிழ் வடிவத்திலேயே கிடைத்துவிடும். பேராதனையில், இதே மலைநாட்டில், பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மட்டக்களப்புக் கூத்தைச் செம்மைப்படுத்தி 'கர்ணன் போர்', 'இராவணேசன்' என்று மேடையேற்றினார். இராவணன் வெறும் அரக்கனாக இல்லாமல் மனம் உடையும் மனிதனாக நின்றது அங்கேதான். சிங்கள நாடகாசிரியர் சரச்சந்திர 1956இல் 'மனமே'யை நாடகம வடிவத்தில் எழுப்பினார். அந்த நாடகமையின் வேர் தமிழ்க் கூத்து. அரக்கனை மனிதனாக்கத் தெரிந்த வடிவத்துக்கு ராஜாவை மனிதனாக்குவது கடினமில்லை.

ஷேக்ஸ்பியரை விட்டு நாம் பிரிய வேண்டிய இடமும் ஒன்று இருக்கிறது, அதுவே நம் நாடகத்தின் உச்சமாக இருக்கும் என்று நினைக்கிறேன். இங்கிலாந்தில் ரிச்சர்டை இறக்கிய போலிங்புரோக் தானே நான்காம் ஹென்றியாக அமர்ந்தான். எஹலபொலவும் அதைத்தான் எதிர்பார்த்தான் என்று கொள்ள இடமுண்டு. மனைவியையும் பிள்ளைகளையும் இழந்தவன், தன் ராஜாவைப் பிடித்துக் கொடுத்தவன், ஆனால் அரியணை அவனுக்குக் கிடைக்கவில்லை. அது கடல் கடந்து வின்ட்ஸர் மாளிகைக்குப் போனது. 1934இல்தான் திரும்பி வந்தது. எஹலபொலவை ஆங்கிலேயர் சந்தேகத்தில் பிடித்து வைத்து 1825இல் மொரீசியஸ் தீவுக்கு அனுப்பினார்கள், 1829இல் அங்கே இறந்தான். இறக்கியவனும் இறக்கப்பட்டவனும் இரண்டு கடல்களுக்கு அப்பால் ஒரே அரசின் கைதிகள். அவர்களில் எவனையும் முழு வில்லனாக எழுத முடியாது. இருவரையும் நேருக்கு நேர் நிறுத்தும் காட்சி வரலாற்றில் இல்லை, ஆனால் நாடகத்தில் அதை எழுதும் உரிமை ஆசிரியனுக்கு உண்டு.

முழு நாடகம் ஒரே மூச்சில் வர வேண்டும் என்பதில்லை. தமிழ்மொழித் தினப் போட்டிக்கு ஒவ்வோர் ஆண்டும் நாடகம் பழக்கும் நுவரெலியா, ஹட்டன் கல்வி வலயப் பாடசாலைகளில் ஏதாவது ஒன்று, அரண்மனைத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டும் நான்கு பேர் ராஜாவைப் பற்றிப் பேசும் காட்சியை மட்டும் முதலில் எழுதட்டும். மீதியை அந்த நான்கு பேரின் வாயிலிருந்தே வளர்த்துக்கொள்ளலாம்.